ஒன்றில் ஊன்றிய சாலை

திருவனந்தபுரம் சென்ற தமிழர் சாலைக் கடைத்தெருவை அறிவர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர்த் திவான் ராஜா கேசவதாசர் அமைத்த அத்தெருவில் அரிசி, மிளகு, துணி, பாத்திரம் என நூறு பொருள்கள் நம் கண்ணை ஈர்க்கும். ஆனால் சாலை என்னும் சொல் முன்னாளில் மாணவர்க்கு உணவளித்துக் கல்வி பயிற்றிய நிலையத்தையும் குறித்தது. அருகிலுள்ள வலியசாலையே பழைய காந்தளூர்ச் சாலை விளங்கிய இடமென ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர்.

அங்கு நிலவிய ஒழுங்கை நாம் எங்ஙனம் அறிகிறோம்? ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866ஆம் ஆண்டளவில் பார்த்திவசேகரபுரத்தில் திருமால் கோயிலும் சாலையும் நிறுவி, காந்தளூர் முறையையே அதற்கும் விதித்தான். அவனது செப்பேடு தமிழில் அமைந்தது. சட்டர் எனப்பட்ட மாணவர்க்கு 95 இடங்கள். அவற்றுள் பவிழிய சரணத்தார்க்கு 45, தைத்திரீயர்க்கு 36, தலவகாரர்க்கு 14. அவரவர்க்கு அவரவர் வேதக்கிளை. பிறரை இழித்துப் பேசினால் தண்டம். சாலைக்குள் படைக்கலம் ஏந்தலாகாது. எனினும் இலக்கணப் பயிற்சியும் மூவரசர் நாட்டு நடைமுறை அறிவும் உடையவரே இடம் பெற்றனர். ஆகவே ஒன்றில் ஊன்றுதல் என்பது உலகறியாமை அன்று.

இக்கருத்து நமக்கு மட்டும் உரியதன்று. மனத்தை ஆள்வதே வாழ்வின் கலை எனக் கொண்ட ஸ்தோயிக்க ஞானியருள் ஒருவர் செனெக்கா. 65ஆம் ஆண்டில் மறைந்தவர். நூல் பலவற்றில் தாவாமல் சிலவற்றில் நிலைத்திருக்குமாறு அவர் தம் நண்பர் லுசிலியசுக்கு எழுதினார். அடிமையாயிருந்து ஆசிரியராக உயர்ந்த எபிக்டெட்டசோ, இன்று மல்லனாகவும் நாளை நாவலனாகவும் ஆக விழைவது சிறுவர் விளையாட்டே என்றார்.

பழைய சாலையின் கதவு எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. அக்குறையை நாம் போற்ற வேண்டுவதில்லை. அதன் ஒழுங்கை மட்டும் கொள்வோம்.

1956ஆம் ஆண்டு மாநில எல்லைகள் மாறியபோது பார்த்திவசேகரபுரம் தமிழகத்தில் சேர்ந்தது. திருவனந்தபுரம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கு அப்பால் வாழும் நமக்கு அலுவல் ஒரு மொழியில், அங்காடி மற்றொரு மொழியில். தமிழ்ச் சங்கம், இசை வகுப்பு, நாடகம் என யாவற்றையும் தொட்டு எதிலும் தேறாமற் போவதினும், நம் மக்களுக்கு நாள்தோறும் அரைமணி நேரம் தமிழ் எழுதப் படிக்கப் பயிற்றுதல் நன்று. அவ்வொன்று நிலைத்தால், 95 சட்டரைப் பற்றிக் கூறும் அச்செப்பேட்டின் மொழி நம் வீட்டில் அயன்மொழி ஆகிவிடாது.