சர்க்கரையில் பிறந்த மருந்து

சர்க்கரை என்றவுடன் நாவின் சுவையே பலருக்கும் நினைவுக்கு வரும். வேதியியலார்க்கோ அஃது ஒரு பெருங்குடும்பத்தின் பெயர். அக்குடும்பத்தில் அமினோச் சர்க்கரைகள் என்றொரு கிளை உண்டு. அவற்றுள் இரண்டினைச் சர்க்கரை போன்ற மற்றொரு வளையத்தோடு கோத்து இயற்கை ஆக்கிய மருந்தே கனாமைசின்.

1957ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் ஹமாவோ உமெசாவா, மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து இம்மருந்தைக் கண்டறிந்தார். ஸ்டிரெப்டோமைசினுக்கு அடங்காத காசநோய்க் கிருமிகளையும் இஃது அடக்கியது. இதன் உரிமைத்தொகையைக் கொண்டே 1962இல் தோக்கியோவில் நுண்ணுயிர் வேதியியல் ஆய்வுக்கழகம் எழுந்தது. ஆயினும் சில ஆண்டுகளுக்குள்ளேயே கனாமைசினைப் பொருட்படுத்தாத கிருமிகள் தலைதூக்கின.

வேறு மண்ணைத் தோண்டிப் புதுமருந்து தேடுவதே அந்நாளைய வழக்கம். உமெசாவா அதனோடு அமையாமல், அடங்காத கிருமியையே ஆராய்ந்தார். 1967இல் உண்மை புலனாயிற்று. கிருமி தன் புரதங்களை ஆக்கும் உறுப்பு ரைபோசோம். கனாமைசின் அதனைப் பற்றிக்கொண்டு புரத ஆக்கத்தைக் குலைப்பது. அடங்காத கிருமியிடமோ ஒரு நொதி இருந்தது. மருந்தின் ஒரு சர்க்கரையில், மூன்றாம் கரியணுவைச் சார்ந்த ஹைட்ராக்சில் தொகுதியின்மேல் அந்நொதி ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடும். அதன்பின் மருந்து ரைபோசோமைப் பற்ற இயலாது. 1957இன் கண்டுபிடிப்பைவிட இதுவே பெரிதெனல் தகும். முன்னதில் மண்ணின் கொடையும் கலந்திருந்ததன்றோ!

நொதி பற்றும் இடத்தையே அகற்றிவிட்டால் என்ன? ஹமாவோவின் உடன்பிறந்தவரான சுமியோ உமெசாவா சர்க்கரை வேதியியலில் வல்லவர். 1971இல் அவர்தம் குழுவினர், கனாமைசின்-பி என்னும் இனமருந்தின் மூன்றாம், நான்காம் இடங்களிலிருந்த ஹைட்ராக்சில் தொகுதிகளை நீக்கி டிபெகாசினைப் படைத்தனர். அடங்காத கிருமிகள் பல அதற்கு அடங்கின.

எனினும், வேறிடத்தில் தாக்கும் வேறு நொதிகளும் கிருமிகளிடம் இருந்தன. 1972இல் ஜப்பானின் மற்றொரு குழுவினர், கனாமைசினின் நடுவளையத்தில் ஒரு பக்கச்சங்கிலியைப் பொருத்தி, அத்தகைய நொதிகள் பலவற்றை நெருங்கவிடாத அமிகாசினை உருவாக்கினர். அதே சங்கிலியை டிபெகாசினில் பொருத்தி 1973இல் உமெசாவா குழுவினர் ஆக்கியது அர்பெகாசின். இம்மருந்துகள் யாவும் செவிக்கும் சிறுநீரகத்துக்கும் ஊறு செய்யவல்லவை, அளவறிந்தே கொடுக்கப்படுவன.

ஹமாவோ உமெசாவா 1986இல் மறைந்தார். மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிகளுக்கு எதிராக, அர்பெகாசின் 1990இல் ஜப்பானிய மருத்துவர் கைக்கு வந்தது.