மஞ்சள் கடுதாசியும் அலுமினியத் தாளும்

கடனைக் கட்ட முடியாமல் ஒருவர் கைவிரித்துவிட்டால் "மஞ்சள் கடுதாசி கொடுத்துட்டான்" என்பார்கள் நம் ஊரில். கொடுத்தவர் கதையை எல்லோரும் பேசுவார்கள். அவரை நம்பிக் கடனுக்குச் சரக்கு அனுப்பிய சின்ன வியாபாரியின் கதி? இங்கிலாந்து நீதிமன்றங்கள் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிய வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம் நண்பர்களே.

சட்டம் படிப்பவர்களுக்கு சாலமன் வழக்கு தெரிந்திருக்கும். ஆரோன் சாலமன் லண்டனில் தோல் காலணி தயாரித்தவர். 1892-ல் ஒரு கம்பெனி தொடங்கி, தன் தொழிலை அதற்கே விற்றார். விலையில் ஒரு பகுதிக்கு 10,000 பவுண்டு கடன்பத்திரம் வாங்கிக்கொண்டார். அதற்கு ஈடு கம்பெனியின் சொத்து. அடுத்த வருடமே கம்பெனி நொடித்தது. ஈடு வைத்திருந்தவர்கள் எடுத்துக்கொண்டது போக, கடனுக்குச் சரக்கு கொடுத்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. கம்பெனி வேறு, சாலமன் வேறு என்று 1896-ல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ஆனால் அதே தீர்ப்பில் மெக்நாட்டன் பிரபு, சரக்கு கொடுத்தவர்கள் இப்படி வெறுங்கையோடு நிற்பது பெரிய அவக்கேடு என்று வருந்தவும் செய்தார்.

அவரை அப்படிச் சொல்ல வைத்தது 'மிதக்கும் ஈடு' என்ற ஏற்பாடு. கிடங்கில் இன்று இருக்கும் சரக்கு, நாளை வரப்போகும் சரக்கு எல்லாமே கடன் கொடுத்தவருக்கு ஈடு. அதாவது நேற்று நீங்கள் இறக்கிய, இன்னும் காசு வராத சரக்கும் அவருக்குத்தான் போகும்!

இதை உடைத்தது 1976-ல் வந்த ரோமால்பா தீர்ப்பு. நெதர்லாந்துக் கம்பெனி ஒன்று ரோமால்பா என்ற ஆங்கிலக் கம்பெனிக்கு அலுமினியத் தாள் விற்றது. 1974-ல் ரோமால்பா முழுகியது. கடன் கொடுத்தவர் சார்பில் ரிசீவர் வந்து உட்கார்ந்தார். நெதர்லாந்துக்காரர்களுக்கு வர வேண்டிய பாக்கி 1,22,000 பவுண்டுக்கு மேல். ஆனால் அவர்களுடைய விற்பனை நிபந்தனைகளில் ஒரு விதி இருந்தது: பாக்கி முழுவதும் தீரும்வரை சரக்கு எங்களுடையதே. கிடங்கில் மிஞ்சியிருந்த சுமார் 50,000 பவுண்டு மதிப்புள்ள தாளும், விற்றுவந்த பணத்தில் 35,000 பவுண்டுக்குச் சற்று மேலும் அவர்களுக்கே சேரும் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். அந்தக் கம்பெனி ஒன்றும் பெட்டிக்கடை அல்ல. ஆனால் ஒரு விதியை எழுதிவைக்கப் பெரிய முதலீடு தேவையில்லை. அதனால் சின்னவர்களும் அதே விதியைத் தங்கள் ஒப்பந்தங்களில் சேர்க்கத் தொடங்கினார்கள்.

ஆனால் அந்த விதி சர்வரோக நிவாரணி அல்ல. 1979-ல் ஒரு வழக்கு: விற்ற பிசின் மரத்தூளோடு கலந்து பலகையாகிவிட்டது. பிசினே இல்லை, எதைத் திருப்பிக் கேட்பது? விற்றவர் தோற்றார். 1983-ல் கைப்பையாக மாறிய தோலுக்கும் அதே கதி. இன்னொரு வழக்கில் டீசல் என்ஜின்களை ஜெனரேட்டர்களில் பொருத்தியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் தொடர் எண் இருந்தது, போல்ட்டைக் கழற்றினால் தனியே வந்துவிடும். அதனால் என்ஜின் என்ஜினாகவே இருந்தது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆக, எழுதினால் மட்டும் போதாது. இது என் சரக்கு என்று விரல் நீட்டிக் காட்டவும் முடிய வேண்டும்.

நாடாளுமன்றம் என்ன செய்தது? ஈடு இல்லாத கடன்காரர்களுக்கென்று ஒரு பங்கை ஒதுக்கும்படி 1982-லேயே கார்க் குழு பரிந்துரைத்தது. அது நடைமுறைக்கு வந்தது 2003-ல். சாலமன் தீர்ப்பிலிருந்து எண்ணினால் 107 வருடம்!

இந்தியாவின் 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் ஆங்கிலேயரின் 1893 சட்டத்தைப் பின்பற்றியது. நிபந்தனை நிறைவேறும்வரை விற்பவர் சரக்கின் மீது உரிமையை வைத்துக்கொள்ள அதன் 25-ஆம் பிரிவு இடம் தருகிறது. 2006-ஆம் ஆண்டு சிறு, நடுத்தரத் தொழில் சட்டமோ, பதிவு செய்த சிறு தொழிலுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில் கூட்டுவட்டி என்கிறது. ஆனால் வாங்கியவர் திவாலாகிவிட்டால் அந்த வட்டியை யாரிடம் போய்க் கேட்பது?

வரலாறு சொல்வது ஒன்றுதான். திவாலான பிறகு வரிசையில் நிற்கும்போது சின்னவனுக்கு எப்போதும் கடைசி இடம். அவன் கை ஓங்கியிருப்பது சரக்கு லாரியில் ஏறுவதற்கு முன்னால் மட்டுமே. எழுத வேண்டியதை அப்போதே எழுதி, கையெழுத்தும் வாங்கிவிட வேண்டும்.