ஸ்தல சுயாட்சி முதல் தாம்பரம் மாநகராட்சி வரை

தாம்பரத்தில் தொடர்வண்டி ஏறி மாம்பலத்தில் இறங்குவோர் பனகல் பூங்காவை நன்கறிவர். அப்பெயருக்குரிய பனகல் அரசர் இராமராயநிங்காரே 1920 டிசம்பரில், இரட்டையாட்சி முறையின்கீழ், சென்னை மாகாணத்தின் முதல் ஸ்தல சுயாட்சி மந்திரியாகப் பொறுப்பேற்றவர் என்பதை அறிவோர் சிலரே.

1882இல் ரிப்பன் பிரபு வித்திட்ட உள்ளாட்சிக் கொள்கை, 1919ஆம் ஆண்டுச் சட்டத்தால் சட்டமன்றத்திற்குப் பொறுப்பான அமைச்சரிடம் வந்தது. ஆயினும் அப்பதவி முரணோடு பிறந்தது. தன்னாட்சியை வளர்க்க வந்த கையிலேயே அதனைக் கலைக்கும் அதிகாரமும் இருந்தது.

அம்முரணைத் தாம்பரமும் கண்டது. 1964இல் நகராட்சியான இவ்வூர், ஐந்தாண்டுக்கொரு தேர்தலை 74ஆம் அரசியற்சட்டத் திருத்தம் கட்டாயமாக்கிய பின்னரும், 2016 முதல் 2022 வரை தனி அலுவலர் ஆட்சியிலேயே இருந்தது. 2021 நவம்பரில் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இதனுடன் இணைந்து மாநகராட்சி எழுந்தபோது, அது குறித்துப் பேச இவ்வூர்களில் மக்கள் தேர்ந்தெடுத்த நகர்மன்றம் ஒன்றுகூட இல்லை. 2022 பிப்ரவரித் தேர்தலுக்குப் பின்னரே 70 வட்டங்களும் தம் உறுப்பினரைப் பெற்றன.

பனகல் அரசர் தொடங்கிவைத்த பதவி நூறாண்டைக் கடந்துவிட்டது. அதில் அமர்ந்தோரின் காலத்தை அளந்தறிய, உரிய நாளில் தேர்தல் நடந்ததா என்னும் ஒரு வினாவே போதும்.