பெரியவங்க பேரு கார்டில் இருக்கா? – காப்பீடு வந்த கதை

மலருக்கு வரலாறு எழுதணும்னு சொன்னாங்க. கோயில் வரலாறு எழுத மத்தவங்க இருக்காங்க. வீட்டுப் பெரியவங்க ஆஸ்பத்திரிச் செலவுக்குக் காப்பீடு எப்படி வந்தது, அதில் அவங்களைச் சேர்க்க என்ன விதி வைத்தார்கள் என்பதை நான் எழுதுகிறேன்.

முதலில் நம்ம கையில் இருந்தது குழுச் சேமிப்பு மட்டும்தான். 1989-ல் ஐ.நா.வின் ஐஃபாட் நிதி உதவியோடு தர்மபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கின. 1991-92-ல் சேலம் மாவட்டத்துக்கு வந்தது. அப்போ நாமக்கல் தனி மாவட்டம் இல்லை, 1997-ல்தான் பிரிஞ்சது. அதனால் மல்லசமுத்திரமும் சேலத்தோடுதான் இருந்தது. தறி ஓட்டினவங்க, கிழங்குக் காட்டு வேலைக்குப் போனவங்க சேர்த்த காசில்தான் உள்கடன் கொடுத்தாங்க. மாமியாருக்கு வைத்தியம்னு வாங்கின கடன் அதில் நிறைய. அதுவும் பத்தாட்டி தோட்டை அடகு வைக்கணும், இல்லாட்டி ஆட்டை விக்கணும்.

பிறகு எல்.ஐ.சி. மூலமாக 2000-ல் ஜனஸ்ரீ பீமா திட்டம் வந்தது. குழுப் பெண்களும் சேர்ந்தாங்க. ஆனால் 18 வயசிலிருந்து 59 வயசு வரைக்கும்தான். 2015-ல் பேங்கில் கையெழுத்துப் போட்டோமே, அந்த ரெண்டு பாலிசியும் அப்படித்தான். உயிர்க்காப்பீட்டில் 50 வயசுக்குள் சேரணும், விபத்துக் காப்பீடு 70 வயசோடு முடிஞ்சிடும். இதெல்லாம் இறப்புக்கும் விபத்துக்கும்தான், ஆஸ்பத்திரி பில்லுக்கு இல்லை. சம்பாதிக்கிற வயசு முடிஞ்சால் காப்பீடும் முடிஞ்சது என்பதுதான் அவங்க கணக்கு. நோவு வர்ற வயசு எதுன்னு நமக்குத் தெரியாதா?

ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று ஏழைக் குடும்பங்களுக்கு வந்த பெரிய திட்டம் கலைஞர் காப்பீட்டுத் திட்டம். 2009 ஜூலை 23-ல் தொடங்கியது. குடும்பத்துக்கு 4 வருஷத்துக்கும் சேர்த்து 1 லட்சம். ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்கணும். ஆட்சி மாறின பிறகு 2012 ஜனவரி 11-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. அதில் வருஷத்துக்கு 1 லட்சம், சில பெரிய சிகிச்சைக்கு ஒன்றரை லட்சம். 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு சேர்த்த பிறகு 5 லட்சம் ஆனது. வருமான வரம்பும் 2022-ல் 1,20,000 ஆச்சு. பிரீமியம் அரசாங்கமே கட்டுகிறது.

இந்தத் திட்டத்தில் வயசு வரம்பு இல்லை. தலைவர், மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், அவங்களைச் சார்ந்திருக்கிற அப்பா அம்மா எல்லாரும் குடும்பம்தான். ஆனால் ரேஷன் கார்டில் பேர் இருக்கணும். இதை நம்மில் பலர் கவனிக்கிறதில்லை. மகன் தனிக்குடித்தனம் போகும்போது தனிக் கார்டு எடுப்பான். பெரியவங்க பழைய கார்டில் நின்னுடுவாங்க. காப்பீட்டு அட்டை மகன் பேரில் இருக்கும், அதில் அம்மா இருக்க மாட்டாங்க. எங்க குழுவில் ஒரு அக்கா, மாமியாருக்கு நெஞ்சு வலி வந்த ராத்திரிதான் இதைத் தெரிஞ்சுக்கிட்டாங்க. குழுக் கடன் 40,000 எடுத்து, மீதிக்கு வட்டிக்கு வாங்கிக் கட்டினாங்க. அந்த மாமியாருக்குச் சொந்தக் கார்டும் இருந்தது, வருமானமும் இல்லை. தனியாகப் பதிஞ்சிருந்தால் அவங்களுக்கே 5 லட்சம் கிடைச்சிருக்கும். கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்தோடு வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கிட்டு நாமக்கல் கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு மையத்துக்கு ஒரு நடை போனால் போதும்.

இன்னொரு விஷயம். அந்த 5 லட்சம் குடும்பம் முழுசுக்கும் ஒண்ணு. பேரனுக்குப் பெரிய ஆபரேஷன் ஆச்சுன்னா அந்த வருஷம் பாட்டிக்கு மிச்சம் இருக்கிறதுதான். வயசானவங்களுக்குத் தனியாக மேல்தொகை வேணும்கிற யோசனை இதனால்தான் வந்தது. மத்திய அரசு 2008-ல் நடத்தின திட்டத்தில் குடும்பத்தில் 5 பேருக்குத்தான் இடம், மொத்தமும் 30,000. ஆறாவது ஆள் யாராக இருப்பாங்கன்னு சொல்லவே வேண்டாம். 2016-ல் அதன்மேல் 60 வயசு தாண்டின ஒவ்வொருத்தருக்கும் இன்னொரு 30,000 சேர்த்தாங்க. 2024 அக்டோபர் 29-ல் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டையை மத்திய அரசு அறிவிச்சது. 70 வயசு ஆனால் போதும், வருமானம் பார்க்கிறதில்லை. ஏற்கனவே அட்டை உள்ள குடும்பமாக இருந்தால் பெரியவங்களுக்குன்னே கூடுதலாக 5 லட்சம். கலெக்டர் ஆபீஸ் போறப்போ 70 தாண்டினவங்களுக்குன்னு இதையும் தனியாகக் கேளுங்க.

காசு கட்டி எடுக்கிற கம்பெனி பாலிசி நம்மில் ரொம்பப் பேருக்கு எட்டாது. வெளியூரில் வேலை பார்க்கிற பிள்ளைகள் எடுத்துக் கொடுக்கிறாங்க. அவங்களுக்காகச் சொல்றேன். புதுசாச் சேர்ற வயசுக்கு 65-னு கம்பெனிகள் கோடு போட்டிருந்ததை 2024-ல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எடுத்துவிட்டது. ஏற்கனவே இருக்கிற சர்க்கரை, பிரஷருக்காகக் காத்திருக்கிற காலம் அதிகபட்சம் 4 வருஷமாக இருந்தது 3 வருஷம் ஆச்சு. 60 தாண்டினவங்களுக்கு வருஷத்தில் 10 சதவீதத்துக்கு மேல் பிரீமியம் ஏத்தணும்னா முன்கூட்டியே கேட்டுத்தான் ஏத்தணும்னு 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. அதே வருஷம் செப்டம்பர் 22-லிருந்து தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. வரியும் இல்லை.

காப்பீடு பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான். தினம் போடுற மாத்திரைக்கு வராது. அதுக்குத்தான் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கினாங்க. வீடு வீடா பிரஷர், சர்க்கரை மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிற பெண்கள் நம்ம மாதிரி சுய உதவிக் குழுக்களிலிருந்து எடுத்தவங்கதான்.

எங்க குழு நோட்டில் ‘மருத்துவம்’னு எழுதின கடன் இப்பவும் இருக்கு. முன்னே ஆபரேஷனுக்கு வாங்கினாங்க. இப்போ சேலம் போய்வர பஸ் செலவு, துணைக்கு இருக்கிறவங்க சாப்பாடு, தறிக்குப் போகாத பத்து நாள் கூலி. 3,000, 5,000-னுதான் வாங்குறாங்க.