நோன்பில் குளிரும் உடல்: சில வரலாற்றுச் செய்திகள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ரமளானில், அஸர் தொழுகைக்குப் பின் ஓதிக்கொண்டிருந்த மாணவர் ஒருவர், "ஹஜ்ரத், கை கால் சில்லிட்டுப் போகிறது" என்றார். வெளியே நல்ல வெயில். ஓதச் சோம்பல்பட்டுச் சாக்குச் சொல்கிறார் என்று எண்ணிக் கடிந்துகொண்டோம். அவர் சொன்னது உண்மை என்பதைப் பின்னர் நூல்களைப் புரட்டித்தான் அறிந்தோம். இன்று எடை குறைப்பதற்காகக் கீட்டோ உணவுமுறையையும் பதினாறு மணி நேரப் பட்டினியையும் சேர்த்துக் கடைப்பிடிக்கும் நம் இளைஞர்கள் சிலரிடமிருந்தும் இதே முறையீடு எழுகிறது. ஆகவே இதன் வரலாற்றைச் சற்று எழுதுகிறோம்.

மனிதனுக்குள் பிறவியிலேயே ஒரு வெப்பம் உண்டு என்றும், விளக்கின் சுடர் எண்ணெயை உண்பதுபோல் அது உடலின் ஈரத்தை உண்டு எரிகிறது என்றும் இப்னு ஸீனா எழுதினார். கிரேக்க மருத்துவர் காலன் வழிவந்த கருத்து அது. ஆனால் அந்தச் சுடரை அளக்க அவர்களிடம் கருவி இல்லை. ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் மருத்துவர் வுண்டர்லிஷ் ஆயிரக்கணக்கான நோயாளிகளை வெப்பமானியால் அளந்து 1868இல் நூலாக்கிய பிறகே, 37 பாகை செல்சியஸ் என்ற எண் உலகெங்கும் நிலைபெற்றது.

உண்ணாதபோது அந்தச் சுடர் என்ன ஆகிறது? இதைப் பொறுமையாக அளந்தவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கார்னகி ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தை நடத்திய பெனடிக்ட். 1912 ஏப்ரல் நடுவில், லெவன்சின் எனும் மால்ட்டா நாட்டவர் தம் விருப்பத்தோடு அங்கு வந்து 31 நாள் உணவின்றி இருந்தார். காய்ச்சி வடித்த நீர் மட்டுமே அருந்தினார். இரவுகளில் உடல் வெளியிடும் வெப்பத்தை அளக்கும் மூடிய அறைக்குள் படுத்துறங்கினார். ஏறத்தாழ 60 கிலோவாக இருந்த எடை 47 கிலோவாயிற்று. அவர் உடல் உண்டாக்கிய வெப்பமும் நாளாக ஆகக் கணிசமாகக் குறைந்தது. எரிபொருள் வராத வீட்டில் அடுப்பைத் தணித்து எரிப்பதுபோல் உடல் தானே சிக்கனம் செய்துகொண்டது.

இதைவிடக் கடுமையான சான்று மின்னசோட்டா பல்கலைக்கழகத்தினது. இரண்டாம் உலகப்போரின் இறுதியில், ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள், போரால் பட்டினிக்கு ஆளானோரை மீட்கும் வழி தெரியட்டும் என்று தம் உடலை ஆய்வுக்கு அளித்தனர். ஆன்சல் கீஸ் தலைமையில், 1945 பிப்ரவரி முதல் 24 வாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி மட்டுமே உண்டனர். ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றல் சுமார் 40 விழுக்காடு வீழ்ந்தது, நாடித்துடிப்பு மந்தமாயிற்று, உடல் வெப்பமும் தாழ்ந்தது. ஜூலை மாதக் கோடையில் அவர்கள் குளிர் என்று கூறிக் கம்பளி தேடினர். இதைப் படித்தபோது நம் மாணவரின் முகமே நினைவுக்கு வந்தது.

கீட்டோ உணவுமுறையும் பட்டினியின் வாரிசுதான். பட்டினி கிடந்தால் வலிப்பு அடங்குவதைக் கண்டிருந்த காலம் அது. அதே மின்னசோட்டா மாநிலத்தின் மேயோ மருத்துவமனையில் வைல்டர் என்பவர் 1921இல், கொழுப்பை மிகுத்து மாவுச்சத்தைக் குறைத்தால் உண்டுகொண்டே பட்டினியின் பலனைப் பெறலாம் என்றார். பட்டினியில் தோன்றும் கீட்டோன்கள் அப்போதும் இரத்தத்தில் தோன்றும். உடலின் அனலைத் தூண்டும் டி3 எனும் தைராய்டு ஹார்மோன் பட்டினியிலும் குறையும், மாவுச்சத்தை ஒதுக்கினாலும் குறையும் என்று 1970களில் கண்டனர். இரண்டையும் ஒருசேரச் செய்பவருக்கு விரல்கள் சில்லிடுவதில் வியப்பில்லை.

ஆனால் ரமளான் நோன்பை இந்த நெடும்பட்டினிகளோடு ஒன்றாக்கிவிடலாகாது. மஃரிபில் நாம் உண்கிறோம். ஓரிரு நாள் பட்டினியில் உடலின் அனல் பெரிதாகத் தணிவதில்லை. மொராக்கோவின் காசாபிளாங்காவில் ஆய்வாளர்கள் நோன்பாளிகளின் வாய் வெப்பத்தை அளந்து 2000இல் வெளியிட்ட முடிவு, அது பகலில் தாழ்ந்து நள்ளிரவை ஒட்டி உயர்கிறது என்பது. உணவும் உறக்கமும் இடம் மாற, வெப்பத்தின் நாள்வட்டமும் சற்றே நகர்கிறது. அஸர் வேளைக் குளிருக்கு இதுவே போதிய விளக்கம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்குக் குளிர்ந்த வியர்வையும் நடுக்கமும் தடுமாற்றமும் வந்தால் அது சிக்கனமன்று. இரத்தச் சர்க்கரை வீழ்ந்ததன் அடையாளமாகலாம். உடனே நோன்பை விட்டுச் சர்க்கரை கொடுக்க வேண்டும். நோயாளிக்கு இறைவேதம் அளித்த சலுகையை, "இன்னும் ஒரு மணி நேரந்தானே, பொறுங்கள் வாப்பா" என்று நாம் மறுப்பது எவ்விதத்திலும் தகாது.

அடுத்த ரமளானில் அந்த வகுப்பைக் காலைக்கு மாற்றினோம். மாணவரிடம் நம் பிழையைச் சொன்னோம். "அன்றைக்கு நானும் கொஞ்சம் சோம்பல்தான் ஹஜ்ரத்" என்று சிரித்தார்.