பழைய மினி பிசியில் எஸ்எஸ்டி பொருத்துதல்

மினி பிசியில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடுவது, பழைய கணினியை மேலும் சில ஆண்டுகள் ஓட்டுவதற்கான மலிவான வழி. இவ்வகைக் குட்டிப் பெட்டிகளைப் பலரும் அறியச் செய்தது 2005 ஜனவரியில் வெளிவந்த ஆப்பிளின் மேக் மினி. லெனோவாவின் திங்க்சென்டர் டைனி 2012இல் வந்தது. டெல், எச்பி நிறுவனங்களும் இதே அளவில் பெட்டிகளை இறக்கின. அலுவலகங்கள் கழித்துவிட்ட இவைதான் பழைய கணினிச் சந்தையில் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன.

இவை மந்தமாவதற்குப் பெரும்பாலும் பிராசசர் காரணமில்லை. நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும் வட்டில், வேண்டிய இடம் படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேரவே சராசரியாக 4 மில்லிநொடிக்குச் சற்று மேல் ஆகும். முனை நகரும் நேரத்தையும் சேர்த்தால் 12, 13 மில்லிநொடி. சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை நொடிக்கு நூறு தடவை எட்டிப் பிடிப்பதே அதற்குப் பெரும்பாடு. விண்டோஸ் தொடங்கும்போது படிப்பதோ இப்படிச் சிதறிய ஆயிரக்கணக்கான துண்டுகளை. எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே கிடையாது. ஒரு துண்டை எடுக்க 0.1 மில்லிநொடி அளவே போதும். ஆகவே, சாட்டா 2 இணைப்புள்ள பழைய போர்டில் எஸ்எஸ்டியின் நொடிக்கு 550 மெகாபைட் வேகம் 300க்குள் சுருங்கிவிடுமே என்ற கவலை வீண். பெரிய வீடியோவை நகலெடுக்கும்போதுதான் அந்தக் குறை தெரியும்.

வாங்கும் முன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட வேண்டும். 2.5 அங்குல இடமிருந்தால் சாட்டா எஸ்எஸ்டி சிக்கலின்றி உட்காரும். எம்.2 துளை இருந்தால் எச்சரிக்கை தேவை: சாட்டா வகையும் என்விஎம்இ வகையும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றே. என்விஎம்இ டிரைவிலிருந்து பூட் ஆகாத பழைய பயாஸ்கள் உண்டு. 2018 மேக் மினியில் சேமிப்பகம் போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருப்பதால் மாற்ற வழியில்லை.

ஆந்திரத்தின் சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் இந்த மாற்றத்துக்கு இன்னொரு நியாயமும் உண்டு. திருப்பதியை அடுத்த ரேணிகுண்டா பக்கம் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். காற்றோட்டம் குறைந்த சிறு பெட்டிக்குள் சுழலும் வட்டு மேலும் சூட்டைக் கூட்டும். ஆனால் மின்வெட்டு எஸ்எஸ்டிக்கும் எதிரிதான். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் காக்கும் மின்தேக்கிகள் சாதாரண ரகங்களில் பொதுவாக இருப்பதில்லை. யுபிஎஸ் வைப்பது நல்லது. இதே வட்டாரத்தின் ஸ்ரீசிட்டி தொழில் நகரில் செல்போன்கள் புதிது புதிதாகத் தயாரானாலும், பழைய பெட்டிக்குப் பாகம் தேடுவோருக்குச் சென்னை ரிச்சி தெருவும் பெங்களூரு எஸ்.பி. சாலையும்தான் அருகிலுள்ள பெரிய சந்தைகள்.

பழைய வட்டை யுஎஸ்பி கேஸில் போட்டு அப்படியே குளோன் செய்யலாம். வைரஸும் குப்பையும் சேர்ந்த விண்டோஸ் என்றால் புதிதாக நிறுவுவதே மேல். ராம் 4 ஜிபிதான் என்றால் அதையும் 8 ஆக்காமல் முழுப் பலன் கிடைக்காது. வேகம் கூடினாலும் கணினியின் தலைமுறை மாறிவிடாது: விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது, விண்டோஸ் 11 இன்டெல் 8ஆம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர்களை, சில விதிவிலக்குகள் தவிர, அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. அத்தகைய பெட்டிகளில் லினக்ஸ் நன்றாகவே ஓடுகிறது.