சீமைக்கருவேலம்: யாருக்குப் பயன்படுற மரம்?

சீமைக்கருவேலம் பற்றின ஃபார்வர்டு உங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கும் ஒருதடவை வந்திருக்கும். காமராஜர் காலத்துல விமானத்துல விதை தூவினாங்கன்னு ஒரு கதை. வெளிநாட்டுச் சதின்னு இன்னொண்ணு. ரெண்டையும் ஓரமா வைப்போம். இந்த மரம் நம்ம ஊருக்கு வந்தது அதுக்கு முக்கால் நூற்றாண்டு முன்னாடியே.

தாது வருஷப் பஞ்சம், 1876–78. அந்த நேரத்தில்தான் சென்னை மாகாணத்தின் வனத்துறை அதிகாரி ரிச்சர்ட் ஹென்றி பெடோம் இந்த மரத்தின் விதைகளைக் கேட்டு வாங்குறார். 1877 வாக்கில் விதை வருது. வறண்ட கடப்பைப் பக்கம் நடுறாங்க. இவர் ஒண்ணும் தெரியாத ஆள் இல்லை. தென்னிந்திய மரங்களைப் பற்றிப் படங்களோட பெரிய நூலே எழுதினவர். நாட்டு மரங்களை அவர் அளவுக்கு அறிந்த அதிகாரிகள் அப்போ ரொம்பக் குறைவு. அப்புறம் ஏன்?

விறகு. அப்போ நம்ம பக்கம் ரயில் எஞ்சினே விறகுலதான் ஓடுச்சு. காடுகள் கரைஞ்சுக்கிட்டிருந்தது. மழை இல்லாத மண்ணுல, யாரும் தண்ணி ஊத்தாம, சீக்கிரம் விறகு தர்ற மரம் எது? கேள்வி இவ்வளவுதான்னா சீமைக்கருவேலம் ரொம்பச் சரியான விடை. என்னைப் பொறுத்தவரை சிக்கல் விடையில இல்லை, கேள்வியில.

ஏன்னா ஊர்க்காரங்க மரத்துக்கிட்ட எதிர்பார்த்தது வேற. நம்ம நாட்டுக் கருவேலத்தையே எடுத்துக்கோங்க. கட்டை ஏருக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் போகும். பட்டை தோல் பதனிட, பிசின் மருந்துக்கு, காய் ஆட்டுக்கு, குச்சி பல்லு விளக்க. கண்மாய்த் தண்ணிக்குள்ள மாசக்கணக்கா நின்னாலும் சாகாது. ஒரே மரம்தான். ஆனா தச்சர், தோல் தொழிலாளி, ஆடு மேய்க்கிறவர்னு ஆளாளுக்கு அதுல ஒரு பங்கு இருந்தது.

சீமைக்கருவேலத்தோட நெத்தையும் ஆடு விரும்பித் தின்னும். ஆனா விதை சாணத்தோட வெளிய வந்து, போற இடமெல்லாம் முளைக்கும். வெட்டினா அடிக்கட்டையிலிருந்து திரும்பத் துளிர்க்கும். விறகுக்கும் வேலிக்கும்னு பின்னால வந்த அரசுகளும் சேர்ந்து பரப்பின.

1980களில் சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் வந்தப்போ, ஸ்வீடன் உதவியோட, கண்மாய்களில் நாட்டுக் கருவேலத்தையே நட்டாங்க. நல்ல தேர்வு. ஆனா ஏக்கர் ஏக்கரா அந்த ஒரே மரம். வளர்ந்ததும் மொத்தமா ஏலம். நாட்டு மரமா இருந்தாலும் கேள்வி என்னவோ பழைய விறகுக் கேள்விதான்.

இப்போ ராமநாதபுரம் பக்கம் போய்ப் பாருங்க. அந்த மண்ணுல விவசாயம் வருஷா வருஷம் கைகொடுக்காது. சீமைக்கருவேலத்தை வெட்டி, அடுக்கி, மண் பூசி, கரிமூட்டம் போட்டுத்தான் பல குடும்பங்களில் அடுப்பு எரியுது. 2017-ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவால ஊரே திரண்டு இந்த மரத்தைப் பிடுங்கினது ஞாபகம் இருக்கா? அதே வருஷம் இடைக்காலத் தடையும் வந்தது. நகரத்துல நாம கைதட்டினோம். மூட்டம் போடுறவங்களுக்கு நாளைக்கு என்ன வேலைன்னு அந்தச் சத்தத்துல பெருசா யாரும் கேட்கலை.

2022-ல அந்நியத் தாவரங்களை அகற்றி நாட்டுத் தாவரங்களை மீட்கத் தமிழ்நாடு அரசு தனிக் கொள்கையே கொண்டுவந்தது. சரி, அந்த இடத்துல எதை நடுறது? பனைன்னு உடனே சொல்லிடுவோம். நானும் பனை கட்சிதான். ஆனா பனை பலன் தர பத்துப் பதினஞ்சு வருஷம் ஆகும். புங்கம், வேம்புக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டாம். கொட்டை பொறுக்கி எண்ணெய்க்கு விற்கலாம். வெள்வேலும் குடைவேலும் அந்த மண்ணுக்கே உரியவை, ஆட்டுக்கும் ஆகும். ஆவாரை புதர்தான், ஆனா சீக்கிரம் வரும்; பூவுக்கு இன்னைக்கும் கடையில விலை இருக்கு.

அதனால ஒரே நாள்ல மொத்தத்தையும் பிடுங்குறதைவிட, ஒரு பக்கம் வேரோட எடுத்து இந்தக் கலவையை நட்டு, மறுபக்கம் கரிமூட்டத்துக்கு விட்டுவச்சு, துண்டு துண்டா மாத்துறதுதான் எனக்குச் சரியாப் படுது. எந்தத் துண்டை முதல்ல எடுக்கணும்னு மூட்டம் போடுறவங்களையும் ஆடு மேய்க்கிறவங்களையும் கூப்பிட்டுக் கேட்கணும். அந்தக் கண்மாய்க்குள்ள தினமும் நடக்கிறது அவங்கதான்.